கிரீப்பர் கிரேனுக்குத் தமிழ் என்ன?

அன்பர்களே,
சிட்னி வார இறுதித் தமிழ் வகுப்புக்காகத் துறைமுகப் பாலத்தின் வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வளைவின் நீட்டம் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை 503 மீட்டர். கீழே கப்பல் போகும் வழி என்பதால் முட்டுக் கொடுக்க முடியாது. அதனால் இரு கரையிலிருந்தும் அரை வளைவுகளைக் கம்பிவடங்களால் பின்னுக்கு இழுத்துக் கட்டியபடியே வளர்த்தார்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு கிரேன். முன்னால் ஒரு கட்டத்தைக் கட்டி, அதன்மேலேயே நகர்ந்து, அடுத்ததைக் கட்டும். ரிவெட்டுக்குத் தறையாணி என்று வைத்துவிட்டேன். இந்தக் கிரீப்பர் (ஊர்ந்து நகரும்) கிரேனுக்குத்தான் சொல் கிடைக்கவில்லை.
- மா.

'ஊர் பளுதூக்கி' என்க. ஊர்வனவற்றின் ஊர்.
- செ.

ஊரில் பளு தூக்கும் பயில்வான் என்றல்லவா பிள்ளைகள் படிப்பார்கள்? யாழ்ப்பாணத்தில் நாங்கள் பாரந்தூக்கி என்போம். ஏறிப்போவதால் 'ஏறு பாரந்தூக்கி'.
- வ.

ஏறியது சரி. 1930 ஆகஸ்டில் வளைவுகள் நடுவில் சேர்ந்ததும், அதே கிரேன்கள் பின்னாலேயே இறங்கிக்கொண்டு தளத்தைத் தொங்கவிட்டன. 'ஏறு' பாதிக் கதைதான். 'தவழ்' இரண்டுக்கும் பொருந்தும்.
- இரா. (கட்டடப் பொறியாளர்)

தவழ்வது குழந்தை. ஊர்தலோ நகர்தலும் ஆகும், ஏறிச் செல்லுதலும் ஆகும். வள்ளுவர் சிவிகையில் இருப்பவனை 'ஊர்ந்தான்' என்கிறார். ஊர்தி பிறந்ததும் அங்கிருந்தே. தான் கட்டியதன்மேல் தானே ஏறி நகரும் பொறிக்கு இதைவிடப் பொருத்தமான வினை உண்டா? பாரம் வடசொல், அதையும் விடுங்கள்: 'ஊர்பொறைதூக்கி'.
- செ.

பொறை என்றால் என் மாணவர்கள் பொறுமை என்பார்கள். வாசிக்கிறவர்களுக்குப் பத்து வயது, ஐயா.
- மா.

1932 மார்ச் 19 திறப்பு விழாவில், நியூ சவுத் வேல்ஸ் மாநில முதல்வர் ஜாக் லாங் நாடாவை வெட்டுவதற்குள் டி குரூட் என்பவர் குதிரையில் வந்து வாளால் அறுத்துவிட்டார். செ. ஐயா கணக்கில் அவரும் 'ஊர்ந்து' வந்தவர்தான்! நாடாவை மறுபடி முடிந்து லாங் வெட்டினார். பேசாமல் கிரேன் என்றே எழுதலாம்.
- கு.

கிரேனுக்கு நான் ஒப்பேன். தவழ் பாரந்தூக்கி, சரி.
- வ.

மூன்று பேர் 'தவழ்' பக்கம் (நானும் சேர்த்து). 'தவழ் பாரந்தூக்கி' என்று அனுப்பிவிட்டேன். நன்றி.
- மா.

வினைத்தொகை, ஒற்று மிகாது. அச்சகத்தில் 'தவழ்ப்பாரந்தூக்கி' ஆக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். என் வாக்கு இன்னும் ஊர்தலுக்கே.
- செ.