செட்டில்மெண்ட் பத்திரம்: ஊருக்கு வராமலே கையெழுத்திடலாமா?

கேள்வி:
மதுரையில் என் பெயரில் உள்ள வீட்டைத் தங்கைக்கு, விலை எதுவும் வாங்காமல், செட்டில்மெண்ட் எழுதிக் கொடுக்க விரும்புகிறேன். சிங்கப்பூரில் வேலை பார்ப்பதால் விடுப்புக் கிடைப்பது அரிது. வக்கீல் மின்னஞ்சலில் அனுப்பும் பத்திரத்தில் இங்கேயே கையெழுத்திட்டு அனுப்பினால் போதுமா?

பதில் 1:
போதாது, ஐயா. எழுதிக் கொடுப்பவரோ அவருடைய முகவரோ சார்பதிவாளர் முன் வந்து, கைரேகை பதித்து, பத்திரத்தை எழுதிக் கொடுத்ததாக ஒப்புக்கொண்டால்தான் பதிவு நடக்கும். வர இயலாதென்றால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அதிகாரி முன்னிலையில், உங்கள் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பவர் பத்திரத்தில் கையெழுத்திட்டு, நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்புங்கள். அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதங்களுக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். (இதைத் தவறவிட்டு அலைந்தவர்களில் நானும் ஒருவன்.)

பதில் 2:
அந்தப் பவரில் சர்வே எண்ணோடு, செட்டில்மெண்ட் எழுதிக் கொடுக்கும் அதிகாரமும் வெளிப்படையாக இருக்க வேண்டும். விற்பதற்கு மட்டுமான பவர் இதற்கு உதவாது. ஆயினும் நேரில் வருவதையே நான் பரிந்துரைப்பேன். நிபந்தனையின்றிக் கொடுத்த சொத்தை மனம் மாறித் திரும்பப் பெற இயலாது என்பதால், ஆயுள்கால உரிமையை (நீங்கள் உயிரோடு இருக்கும் வரை வீட்டை அனுபவிக்கும் உரிமையை) வைத்துக்கொள்வதா என்பதை வக்கீலின் எதிரில் அமர்ந்து, வரைவை வரிவரியாகப் படித்து முடிவு செய்வது நல்லது.

கேட்டவர்:
மிக்க நன்றி. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது முடித்துக்கொள்கிறேன்.

பதில் 1:
பொங்கலன்று அலுவலகம் பூட்டியிருக்கும். விடுமுறை முடிந்து அலுவலகம் திறக்கும் நாளுக்கு இப்போதே டோக்கன் போடச் சொல்லுங்கள்.