ஸ்பிட்ஃபயர் லிவரி: 4கே முதலா, ரஃப்னஸ் முதலா?

முறிகண்டியான்:
இரண்டாம் உலகப் போர்க்காலத்தில வவுனியாவில றோயல் விமானப்படைத் தளம் இருந்தது. அந்தக் காலத்து நேச நாடுகளின்ர தென்கிழக்கு ஆசியக் கட்டளையின்ர நிறத்தில, டிசிஎஸ் எண்ட கணினி விமான விளையாட்டில வாற ஸ்பிட்ஃபயர் 9 போர்விமானத்துக்கு ஒரு லிவரி (வெளிப்பூச்சு) செய்யிற வேலை தொடங்கியாச்சு. மேல டார்க் கிரீனும் டார்க் எர்த்தும், கீழ மீடியம் சீ கிரே. வட்டச் சின்னத்தில சிவப்பே இல்லை, கருநீலமும் வெளிர்நீலமும் மட்டும். யப்பான்காரரின்ர சிவப்பு வட்டமெண்டு நினைச்சு சொந்தப் படையே சுடக்கூடாது எண்டுதான் சிவப்பை எடுத்தவை.

உருவத்துக்கு மேல ஒட்டுற படங்கள் (டெக்ஸ்சர்) எல்லாம் 4096க்கு 4096 பிக்சல், அதுதான் 4கே; 2கே எண்டால் 2048. 2கே லிவரியளைக் கிட்டப் போய்ப் பாத்தால் றிவெட்டும் இல்லை, தகட்டுக் கோடும் இல்லை. வடிவு வேணுமெண்டால் முதல் றெசலூஷன், மிச்சமெல்லாம் பிறகு. மாற்றுக்கருத்து இருந்தால் சொல்லுங்கோ.

பாலைப்பழம்:
இருக்கு அண்ணை. கணக்கைப் பாருங்கோ. ஸ்பிட்ஃபயரின்ர இறக்கை நீளம் 11.23 மீற்றர். அது 4096 பிக்சலின்ர முழு அகலத்தையும் பிடிச்சால் ஒரு மீற்றருக்கு 365 பிக்சல், 2048 எண்டால் 182. இப்ப 1920 பிக்சல் அகலத் திரையில 60 பாகைப் பார்வைக் கோணத்தில 100 மீற்றர் தள்ளி ஒரு விமானம் பறந்தால், முழு இறக்கையும் திரையில பிடிக்கிறது ஏறத்தாழ 187 பிக்சல். 300 மீற்றரில 62. சண்டை நடக்கிற தூரத்தில உங்கட 4கே படத்தை கிராபிக்ஸ் கார்டு தொடுறதே இல்லை, மிப்மப் எண்டு படிப்படியாகப் பாதியாக்கி வச்சிருக்கிற சின்னப் பிரதிகளில நாலாவதில இருந்து ஆறாவது வரைதான் எடுக்கும். வெளிப்பார்வையில 8 மீற்றர் கிட்டப் போனாலும் திரைக்குத் தேவை மீற்றருக்கு 208 பிக்சல். 2கே அதுக்குக் கிட்டமுட்டப் போதும்.

விமானத்தை விமானமாகக் காட்டுறது வெளிச்சம் அதில எப்பிடி விழுந்து தெறிக்குது எண்டதுதான். அது மேற்பரப்பின்ர சொரசொரப்பையும் (ரஃப்னஸ்) உலோகத்தன்மையையும் குறிக்கிற ரஃப்மெட் பைலில இருக்கு, றெசலூஷனில இல்லை.

முறிகண்டியான்:
கொக்பிட்டுக்குள்ள இருந்து திரும்பி இறக்கையைப் பாக்கிறதை விட்டிட்டியள் தங்கச்சி. அது கண்ணுக்கு ஒண்டரை மீற்றர் தூரம். உங்கட கணக்கையே போட்டால் அங்க மீற்றருக்கு 1100 பிக்சல் வேணும். 2கே ஆறு மடங்கு இழுபடும், 4கே மூண்டு மடங்கு. பறக்கிற நேரம் முழுக்க ஓட்டுறவர் இருக்கிற இடம் அதுதானே, 100 மீற்றர் தள்ளி இல்லையே.

பாலைப்பழம்:
அந்த இடத்தில நீங்கள் சொல்லுறது சரி. ஆனால் அது உடலோட சேருற இறக்கை அடியும் மூக்கின்ர மேல்பக்கமும்தான். அதுக்காக முழு விமானத்தையும் 4கே ஆக்கினால் 4 ஜிபி கார்டு வச்சிருக்கிறவை என்ன செய்யிறது? பிசி3 எண்ட பட அமுக்க முறையில 4கே பைல் ஒண்டு 16 எம்பி, மிப்மப்போட 21.3. நிறம், மேடு பள்ளம் காட்டுற நோமல், ரஃப்மெட் எண்டு மூண்டும் சேர 64. விமானத்தின்ர துண்டுகளை விரிச்சு வைக்கிற ஷீற் மூண்டு எண்டு வச்சால் 192. எட்டு விமானம் எட்டு லிவரியில பறந்தால் 1536 எம்பி. நிலத்துக்கும் மரத்துக்கும் மிஞ்சுறது என்ன? கார்டு நிரம்பினவுடன டெக்ஸ்சர் மெயின் ராமுக்கு இறங்கும், படம் வெட்டி வெட்டி ஓடும்.

கனகராயன்:
கணக்கில ஒரு பிழை. நோமல் மப் எல்லா லிவரிக்கும் பொது. எந்தத் துண்டுக்கு எந்தப் படம் எண்டு சொல்லுற டெஸ்கிரிப்ஷன் லுவா பைலில ஒவ்வொரு வரியின்ர கடைசியிலையும் ட்ரூ அல்லது ஃபோல்ஸ் எண்டு வரும். ஃபோல்ஸ் எண்டால் லிவரியின்ர சொந்த போல்டரில தேடும், ட்ரூ எண்டால் விமானத்தின்ர பொதுப் பைலை எடுக்கும். நோமலுக்குத் தனி வரி எழுதாமல் விட்டால் எட்டு லிவரிக்கும் ஒரு தொகுதிதான் ஏறும். அப்ப 1088 எம்பி. அதுவும் கூடத்தான், ஆனால் 1536 இல்லை. இன்னொண்டு: அதே பைலில எழுதுற மெட்டீரியல் (துண்டு) பெயரில ஒரு எழுத்துப் பிழைச்சாலும் அந்தத் துண்டு பழைய நிறத்திலயே நிக்கும். அதைப் பாத்திட்டு டிடிஎஸ் படப் பைலைத் திரும்பத் திரும்ப எக்ஸ்போட் பண்ணுறதில பிரயோசனம் இல்லை.

எனக்குப் பெரிய பிரச்சினை வேற. இலங்கையில றோயல் விமானப்படையின்ர 17ஆம் ஸ்குவாட்ரன் 1944 இல மாறினது ஸ்பிட்ஃபயர் 8 க்கு. 8 இன்ர வால் சில்லு பறக்கேக்க உள்ள மடியும், டிசிஎஸ் 9 இல வெளியில தொங்கும். பெயின்ட் அடிச்சு உருவத்தை மாத்தேலாது. பழைய இல்-2 1946 விளையாட்டில ஸ்பிட்ஃபயர் 8 இருக்கு. அதில செய்யுங்கோ.

முறிகண்டியான்:
அதில ஸ்கின் 1024க்கு 1024, 256 நிறம் மட்டும் உள்ள பிஎம்பி. ரஃப்மெட்டே இல்லை. ஒரு சில்லுக்காக வெளிச்சம் முழுக்கத் துலைக்கச் சொல்லுறியள்.

பாலைப்பழம்:
அண்ணையே வெளிச்சத்துக்கு வந்திட்டார், நல்லது. அப்ப ரஃப்மெட்டை விரிவாகக் கதைப்பம். அந்தப் பைலின்ர சிவப்பு நிறச் சனலில இடுக்கு நிழல், பச்சையில ரஃப்னஸ், நீலத்தில உலோகம்.

கனபேர் விடுற பிழை நீலத்தில. ‘அலுமினிய விமானம்தானே’ எண்டு முழுக்க வெள்ளை அடிச்சு விடுகினம். பெயின்ட் உலோகம் இல்லை. பெயின்ட் இருக்கிற இடமெல்லாம் நீலம் 0 ஆக இருக்கவேணும், உரிஞ்சு அலுமினியம் தெரியிற இடத்தில மட்டும் 255. இதை மாறிச் செய்தால் பச்சை நிறம் கறுத்து, எண்ணெய் பூசின கண்ணாடி மாதிரிப் போகும். பிறகு நிறம் பிழை எண்டு நிறத்தைத் திருத்திக்கொண்டே இருப்பியள்.

ரஃப்னஸுக்கு முழு விமானத்துக்கும் ஒரே எண் போடக்கூடாது. மங்கல் பெயின்ட்டுக்கு 160 இலயிருந்து 185, எக்சோஸ்ற் கரிக்கு 220, ஆக்கள் ஏறி இறங்கித் தேஞ்ச இடத்துக்கு 130, எண்ணெய் கசிவுக்கு 70. இந்த ஏற்ற இறக்கம்தான் கண்ணை நம்ப வைக்குது. மண் படிஞ்ச இடம் 210க்கு மேல போகவேணும். வவுனியாத் தரையெண்டால் புழுதி செம்பழுப்பு. சில்லுக் குழி, ஃபிளப், றேடியேற்றருக்குப் பின்பக்கம், வயிறு எண்டு கீழ்ப்பக்கத்தில கூட. மேல தூவி விட்டால் பொய்யாகத் தெரியும்.

இந்தப் பைலை லீனியராக, அதாவது எண்களை வளைக்காமல், சேமியுங்கோ. நிறப் படத்துக்குரிய எஸ்ஆர்ஜிபி எண்டு போனால் எல்லா எண்ணும் பிசகும். பிசி1 இலயும் அமுக்க வேண்டாம்; அது மூண்டு சனலையும் ஒண்டாய்ப் பிணைச்சு அமுக்கிறதால ஒண்டின்ர கறை மற்றதில தெரியும். பிசி3 இன்ர அதே அளவுக்குள்ள பிசி7 அதை விடச் சுத்தம். பெயின்ட்.நெட் இலவசம், பிசி7 இல எழுதும்.

கனகராயன்:
ரஃப்மெட்டில எனக்கு எதிர்ப்பு இல்லை. ஆனால் பெயின்ட் உரிவை எங்க போடுறது எண்டும் தெரியவேணும். சுக்கான் துணி போத்தினது, அதில அலுமினியம் தெரியாது. ரோட்டல் கம்பனியின்ர விசிறி அலகு மரத்தை அமுக்கிச் செய்தது, அதிலயும் வெள்ளி உரிவு பிழை. ஓட்டுநர் ஏறுற கதவு இடப்பக்கம், அதனால தேய்மானம் இடது இறக்கை அடியிலதான் கூட. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கண்ணாடிப் பிரதி எடுத்து ஒட்டுறதைப் பாத்தால் கோவம் வரும்.

முறிகண்டியான்:
சரி, அப்ப இப்பிடிச் செய்யிறன். மூக்கும் இறக்கை அடியும் இருக்கிற ஷீற்றுகளுக்கு நிறப் பைல் 4கே. மற்றதுகளும் ரஃப்மெட் எல்லாமும் 2கே. நோமல் தொடுறதில்லை. ஆனால் 4கே முதல் வேணும் எண்ட கருத்து கொக்பிட்டில இருந்து பாக்கிறவைக்கு இன்னும் பொருந்தும், அதை விடமாட்டன். இன்னொரு பிரச்சினை: தூரத்தில தகடு சேருற இடத்தில வெள்ளைக் கோடு விழுது. மிப்மப்பை நிப்பாட்டினால் போகுமோ?

பாலைப்பழம்:
நிப்பாட்ட வேண்டாம், தூரத்தில முழு விமானமும் மினுங்கத் தொடங்கும். கோட்டுக்குக் காரணம் துண்டுகளுக்கு வெளியில கிடக்கிற வெள்ளைப் பின்னணி. ஒவ்வொரு துண்டின்ர ஓர நிறத்தையும் வெளிப்பக்கம் 16 பிக்சல் இழுத்து விடுங்கோ. மிப்மப் ஒவ்வொரு படியிலும் பாதியாகிறதால 16, 8, 4, 2, 1 எண்டு 256 அளவு வரைக்கும் அது காக்கும். 2கே ஷீற்றுக்கும் அதே 16 தான்.

சாய்வாகப் பாக்கிற படத்தைத் தெளிவாக்கிற அனிசோட்ரொபிக் அமைப்பை 16 இல வையுங்கோ, செலவு குறைவு. இல்லாட்டி கொக்பிட்டில இருந்து சாய்வாகப் பாக்கிற இறக்கைக் கோடுகள் மங்கி, உங்கட 4கே வீணாய்ப் போகும். முடிஞ்சவுடன மத்தியான வெயிலில சோதிக்க வேண்டாம். காலமை 6 மணிக்கு, சூரியன் பக்கவாட்டில நிக்கேக்க பாருங்கோ. ரஃப்னஸ் பிழை அப்பத்தான் பிடிபடும்.

கனகராயன்:
வால் சில்லு அப்பவும் தொங்கிக்கொண்டுதான் நிக்கும். லிவரிப் பெயரில 9 எண்டே போடுங்கோ, 8 எண்டு போட வேண்டாம்.