ஆஸ்பத்திரியில் நெறிமுறைத் திட்டம்: நடக்கிற காரியமா, சுவரில் மாட்டத்தானா?

முலுண்ட் கீதா:
எல்லோருக்கும் வணக்கம். மும்பை கிழக்குப் புறநகரில் 180 படுக்கை உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். போன வாரம் எம்டி (மேனேஜிங் டைரக்டர்) கூப்பிட்டு, "நமக்கும் ஒரு காம்ப்ளையன்ஸ், எதிக்ஸ் புரோகிராம் வேணும், நீங்களே பார்த்துக்குங்க" என்றார். கையில் கொடுத்தது இன்னொரு ஆஸ்பத்திரியின் நடத்தை விதிப் புத்தகம், 64 பக்கம். பெயரை மட்டும் மாற்றினால் போதுமாம். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒழுங்காகச் செய்ய முடியும் என்றுதான் நினைக்கிறேன். வியாழக்கிழமை மீட்டிங். எதிலிருந்து தொடங்கலாம்?

பில்லிங் அண்ணாச்சி:
கீதாம்மா, இந்த ஊர் ஆஸ்பத்திரிகளில் 27 வருஷம் பில் போட்டவன் சொல்கிறேன். பெயரை மாற்றுங்க, பிரின்ட் எடுங்க, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி ஃபைலில் போடுங்க. ஆஸ்பத்திரிகளுக்குத் தரச் சான்று தருகிற என்ஏபிஎச்சிலிருந்து ஆய்வுக்கு வருகிறவர்களும் அந்த ஃபைலைத்தான் முதலில் கேட்பார்கள். அதற்கு மேலே ஆசைப்பட்டால் தலைவலி உங்களுக்குத்தான்.

ஒரு கதை. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு, இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு வைக்கிற ஸ்டென்டுக்கு உச்சவிலை வைத்தது. மருந்து பூசியது 29,600 ரூபாய், வெறும் உலோகம் 7,260. அதற்கு முன்னால் லட்சத்துக்கு மேல் பில் போட்ட கை இது. அறிவிப்பு வந்த மறுவாரமே நான் அப்போது வேலை பார்த்த இடத்தில் ஒரு கூட்டம். சட்டத்தை மீறச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அதைக் கவனியுங்க. ஸ்டென்டுக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் போடவில்லை. ஸ்டென்ட் வைக்கிற அறையான கேத் லேபின் கட்டணம் ஏறியது. 'உபகரணப் பயன்பாடு' என்று பில்லில் ஒரு புதுத் தலைப்பு முளைத்தது. கூட்டிப் பார்த்தால் பழைய தொகைக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. பெட்டியிலிருந்த ஸ்டிக்கரைக் கேஸ் ஷீட்டில் ஒட்டி, எல்லாம் விதிப்படி என்று டிக் அடித்ததும் நான்தான்.

உங்கள் 64 பக்கத்தில் எந்தப் பக்கம் இதைப் பிடிக்கும்?

ஏரோலி ரவி:
அண்ணாச்சி சொல்வது நடந்திருக்கும், மறுக்கவில்லை. அதற்காக எதுவுமே நடக்காது என்று முடிவு கட்டுவது அவசரம். நான் ஏரோலியில் அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் காப்பீட்டுக் கிளெய்ம் தணிக்கை பார்க்கிற கம்பெனியில் 11 வருஷமாக இருக்கிறேன். அங்கேயும் இதே கூத்து நடந்ததுதான். எச்சிஏ என்ற பெரிய ஆஸ்பத்திரிக் குழுமம், அரசுக் காப்பீட்டில் மோசடி செய்த வழக்குகளில் 2000, 2003 என்று இரண்டு தடவையாக மொத்தம் 170 கோடி டாலர் கட்டியது.

அங்கே சுகாதாரத் துறைக்கென்று ஒரு கண்காணிப்புத் தலைமை அலுவலகம் இருக்கிறது. 1998லேயே ஆஸ்பத்திரிகளுக்கு வழிகாட்டி போட்டார்கள். ஏழு அங்கம். எழுதிய விதி, அதற்கு ஒரு பொறுப்பாளர், பயிற்சி, பயப்படாமல் புகார் சொல்ல வழி, உள்தணிக்கை, பெரிய ஆளுக்கும் சின்ன ஆளுக்கும் ஒரே தண்டனை, கண்டுபிடித்ததைச் சரிசெய்வது. எல்லாம் நமக்கும் தெரிந்ததுதான். கீதா அக்கா பார்க்க வேண்டியது அந்தப் பொறுப்பாளர் எங்கே உட்கார்கிறார் என்பதை. நிதிப் பிரிவுக்கோ சட்டப் பிரிவுக்கோ கீழே அவர் இருக்கவே கூடாது, போர்டிடம் நேராகப் போய்ப் பேச வழி வேண்டும். 2023 நவம்பரில் வந்த புது வழிகாட்டியிலும் இதை விடாமல் சொல்லியிருக்கிறார்கள்.

அக்கா, உங்களை யாருக்குக் கீழே போட்டிருக்கிறார்கள்?

முலுண்ட் கீதா:
சிஎஃப்ஓவுக்கு. நிதிப் பிரிவுத் தலைவர்.

பில்லிங் அண்ணாச்சி:
சுபம்.

பில்லிங் அண்ணாச்சி:
ரவி தம்பி, ஒன்று கேட்கிறேன். அந்த அமெரிக்க மோசடியெல்லாம் எப்படி வெளியே வந்தது? காம்ப்ளையன்ஸ் அதிகாரி கண்டுபிடித்தாரா, உள்ளே இருந்தவன் போட்டுக்கொடுத்தானா?

ஏரோலி ரவி:
பெரும்பாலும் உள்ளே இருந்தவர்கள்தான். அதற்கு அங்கே சட்டமே இருக்கிறது. 1863ல், உள்நாட்டுப் போர் நடந்தபோது, ராணுவத்துக்கு மட்டமான சரக்கு விற்றவர்களைப் பிடிக்கக் கொண்டுவந்தது. அரசை ஏமாற்றுவதைப் பார்த்த யாரும் அரசின் சார்பில் வழக்குப் போடலாம். ஜெயித்தால், மீட்ட பணத்தில் 15 முதல் 30 சதவீதம் வரை அவருக்கு. அதனால்தான் முதலாளிகளுக்கு உள்ளேயே கேட்டுத் தொலைத்துவிடலாம் என்ற புத்தி வந்தது.

பில்லிங் அண்ணாச்சி:
அதுதான் விஷயம். இங்கே போட்டுக்கொடுப்பவனுக்கு என்ன கிடைக்கும்? ஊழலை வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் 2014ல் நிறைவேறியது, நடைமுறைக்கு வரவில்லை. வந்தாலும் அது அரசு ஊழியர் சமாச்சாரம். கம்பெனிச் சட்டத்தில் 177ஆம் பிரிவு, பங்குச் சந்தையில் இருக்கிற கம்பெனிக்கும் பெரிய கடன்காரக் கம்பெனிக்கும் புகார் வழிமுறை வேண்டும் என்கிறது. ஒரு குடும்பம் நடத்துகிற 180 படுக்கைக்கு அது பொருந்துமா என்று பாருங்க. விதை அமெரிக்காவுடையது, மண் பாண்டுப்புடையது. முளைக்காது.

தாராவி டாக்டர்:
எல்லோரும் பில்லையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். பில்லுக்கு முந்திய கதை என் கிளினிக்கில் நடக்கிறது.

90 அடி ரோட்டில் 20 வருஷமாகப் பார்க்கிறேன். மாதம் பிறந்த முதல் வாரம் ஏதாவது ஒரு ஆஸ்பத்திரியின் பிஆர்ஓ பையன், மக்கள் தொடர்பு ஆள், வருவான். தோள்பை, நல்ல பேச்சு, அம்மா சுகமா என்று விசாரிப்பான். மேலே மிட்டாய்ப் பெட்டி, கீழே கவர். கவரின் மூலையில் பென்சிலால் பொடியாக எழுதியிருக்கும்: எம்ஆர்ஐ 2, ஆஞ்சியோ 1. நான் அங்கே அனுப்பிய நோயாளிகளின் கணக்கு. இப்போது வாங்குவதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். முதல் நாலு வருஷம் வாங்கினேன், கிளினிக் வாடகைக்கு.

கட், அதாவது நோயாளியை அனுப்பியதற்குக் கமிஷன், வாங்குவது 2002 மருத்துவக் கவுன்சில் விதிகளிலேயே தப்பு. 6.4 என்று நம்பர் போட்டு எழுதியிருக்கிறது. ஆனால் அது டாக்டரைத்தான் கட்டுப்படுத்தும், கவர் அனுப்புகிற ஆஸ்பத்திரியைத் தொடாது. 2017ல் நம் ஊரில் ஒரு இதய ஆஸ்பத்திரி, டாக்டர்களுக்குக் கமிஷன் கிடையாது என்று ஹோர்டிங் வைத்தது ஞாபகம் இருக்கா? டாக்டர் சங்கம்தான் கொதித்தது. அதே வருஷம் மாநில அரசு ஓய்வு பெற்ற டிஜிபி ஒருவர் தலைமையில் குழு போட்டு, கட் பிராக்டிஸ் தடுப்புச் சட்டத்துக்கு வரைவும் எழுதியது. சட்டமாகவில்லை.

ஆகவே கீதாம்மா, உங்கள் திட்டம் அந்தப் பிஆர்ஓவின் தோள்பையைத் திறக்குமா? திறக்காது என்றால் நான் அண்ணாச்சி கட்சி.

முலுண்ட் கீதா:
டாக்டர் சார், எங்கள் மார்க்கெட்டிங் பிரிவில் ஆறு பையன்கள் இருக்கிறார்கள். ஆறு பேருக்கும் தோள்பை உண்டு. இப்போதுதான் உறைக்கிறது.

ஆனால் நாங்கள் மட்டும் நிறுத்தினால் என்ன ஆகும்? எம்டி அதைத்தான் கேட்பார்.

தாராவி டாக்டர்:
கேஸ் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போகும். பொய் சொல்ல மாட்டேன். முதல் சில மாதம் நன்றாகவே அடி விழும்.

வார்ட் சிஸ்டர்:
நான் நாகர்கோவில். இங்கே வந்து 16 வருஷம், பாதி நைட் டியூட்டி. அண்ணாச்சி சொல்வதில் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது.

முன்பு இருந்த இடத்தில் ஊசி குத்திக்கொண்டால் யாரும் சொல்ல மாட்டோம். சொன்னால் இன்சார்ஜ் எல்லார் முன்னாலும் வைத்துத் திட்டுவார், எச்ஆரிலிருந்து மெமோ வரும். கையைக் குழாயில் கழுவிவிட்டு வேலையைப் பார்ப்போம். எச்ஐவி தடுப்பு மாத்திரை இரண்டு மணி நேரத்துக்குள் போட்டால் நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பிரயோஜனமில்லை. எல்லாம் தெரியும். தெரிந்தும் வாய் திறக்க மாட்டோம்.

அப்புறம் ஒரு புது இன்சார்ஜ் வந்தார், எங்கள் பக்கத்துக்காரர்தான். முதல் நாளே, "குத்திச்சுன்னா ராத்திரி 2 மணியானாலும் எனக்கு போன் பண்ணு, பேப்பர் வேலை என்னோடது" என்றார். ஒரு பிள்ளை நிஜமாகவே ராத்திரி போன் செய்தாள். அரை மணி நேரத்தில் மாத்திரை கையில் இருந்தது, மெமோ வரவில்லை. அன்றைக்கு வார்டே பார்த்துக்கொண்டிருந்தது. அதுவரை வருஷத்துக்கு ஒன்று இரண்டு பதிவாகும், அந்த வருஷம் 19. மேனேஜ்மென்ட் பதறிப்போய், "உங்க வார்டுல ஏன் இவ்வளவு விபத்து?" என்றது! விபத்து கூடவில்லை, வாய் திறந்தது, அவ்வளவுதான். கீதா அக்கா, நாளைக்கு உங்கள் புகார் எண்ணிக்கை ஏறும்போது இதே கேள்வி வரும். இப்போதே பதிலைத் தயார் செய்து வையுங்க.

இன்னொன்று. எங்கள் புகார்ப் பெட்டி இருந்தது சிசிடிவி கேமராவுக்கு நேர் கீழே. சாவி அட்மின் சாரிடம்.

பில்லிங் அண்ணாச்சி:
சிஸ்டர், மனசைத் தொட்ட கதை. ஆனால் ஊசி குத்தியதில் யாருக்கும் வருமானம் போகவில்லை. அதனால் நல்லவராக இருப்பது சுலபம். ஒரு பெரிய டாக்டர், மாதம் 40 ஆபரேஷன் கொண்டுவருகிறவர், ஞாயிற்றுக்கிழமை வராமலே விசிட் ஃபீஸ் போடச் சொல்கிறார். அப்போது அந்த இன்சார்ஜ் என்ன செய்வார்?

வார்ட் சிஸ்டர்:
சார்ட்டில் டாக்டர் வந்த நேரத்தை நாங்கள்தானே எழுதுகிறோம் அண்ணாச்சி. வராத நாளில் அந்த இடம் காலியாகத்தான் இருக்கும். அதைப் பார்க்காமல் பில் போட்டது யார்?

பில்லிங் அண்ணாச்சி:
சரி. அந்த அடி எனக்குத் தேவைதான்.

மட்டுறுத்துநர்:
ஆஸ்பத்திரி ஒன்றின் பெயரும் டாக்டர் பெயரும் போட்ட பதிவு ஒன்றை நீக்கியிருக்கிறேன். விவாதம் நன்றாகப் போகிறது, பெயர் வேண்டாம்.

ஏரோலி ரவி:
எம்டி 'கேஸ் போய்விடும்' என்றால் பணக் கணக்கிலேயே பதில் சொல்லுங்க அக்கா. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு மருந்து கம்பெனி வழக்கில், டாக்டர்களுக்குத் தந்த பரிசுகளைத் தொழில் செலவு என்று வருமானத்தில் கழிக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. டாக்டர் வாங்குவதற்குத் தடை இருக்கும்போது, கொடுத்தவர் அதைச் செலவாகக் காட்டக் கூடாது என்பது காரணம். கவருக்கும் அதே வாதம் வராது என்று உங்கள் சிஎஃப்ஓ கையெழுத்துப் போடுவாரா? மருந்து கம்பெனிகளுக்கு 2024 மார்ச்சில் வந்த புது விற்பனை நெறியும் பரிசு, சுற்றுலா எல்லாவற்றையும் தடுக்கிறது. பர்சேஸ், ஃபார்மஸி ஆட்களுக்கு அதைச் சொல்லிக்கொடுங்க.

பில்லிங் அண்ணாச்சி:
அந்த நெறியில் 'விருப்பப்பட்டுப் பின்பற்றுவது' என்ற வார்த்தையை எடுத்தார்களே தவிர, தண்டனை கம்பெனிகளின் சங்கத்துக் கமிட்டி கையில்தான். வேலிக்கு ஓணான் சாட்சி.

ஆனாலும் தூங்கப் போகுமுன் ஒன்று எழுதிவிடுகிறேன், சிஸ்டர் விட்ட அறைக்குப் பிராயச்சித்தம் என்று வைத்துக்கொள்ளுங்க. கீதாம்மா, உங்கள் அட்மிஷன் ஃபாரத்தை எடுத்துப் பாருங்க. நோயாளி பெயர், வயது, மொபைல், அதற்குக் கீழே 'ரெஃபர்டு பை', அதாவது அனுப்பிய டாக்டர் யார், என்று ஒரு கட்டம் இருக்கும். சிகிச்சைக்கு அதனால் உபயோகம் இருந்தால், டிஸ்சார்ஜ் சம்மரி அந்த டாக்டருக்குப் போக வேண்டும். போகிறதா என்று கேளுங்க. போகவில்லையென்றால் அந்தக் கட்டம் மாதக் கடைசியில் எக்செல்லாகி மார்க்கெட்டிங்குக்குப் போகிறது என்று அர்த்தம்.

அப்புறம் லெட்ஜரில் மூன்று தலைப்பு. ஒன்று, புரொஃபஷனல் ஃபீஸ்: டிடிஎஸ் வரி பிடித்து, பேங்க் வழியாகப் போயிருக்கும், ஆனால் அந்த டாக்டர் உங்கள் கட்டடத்தில் ஒரு நோயாளியைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். இரண்டு, கேம்ப் செலவு: கேம்ப் எந்தத் தெருவில், எத்தனை பேர் வந்தார்கள், பதிவேடு எங்கே என்று கேட்டால் மழுப்புவார்கள். மூன்று, பிஸினஸ் புரமோஷன், ரொக்கமாக. இந்த மூன்றையும் 'ரெஃபர்டு பை' பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. ஒரு மத்தியான வேலை. 64 பக்கம் வேண்டாம்.

நடக்காது என்றுதான் இன்னும் சொல்கிறேன். ஆனால் நடக்காது என்பது எந்த இடத்தில் நடக்காது என்று உங்களுக்குத் தெரிந்துபோகும்.

தாராவி டாக்டர்:
அண்ணாச்சி, இதை 27 வருஷத்தில் ஒரு தடவை உள்ளே சொல்லியிருக்கலாமே?

பில்லிங் அண்ணாச்சி:
யாரிடம் டாக்டர் சார்? எங்களுக்கும் கேமராவுக்குக் கீழேதான் பெட்டி.

முலுண்ட் கீதா:
வியாழன் இரவு. எல்லோரும் கேட்டதால் எழுதுகிறேன்.

புத்தகம் 64லிருந்து 9 பக்கமானது. மராத்தி, இந்தியில் வரும், ஹவுஸ்கீப்பிங் மாவ்ஷிகளுக்கு, துப்புரவு வேலை பார்க்கிற அம்மாக்களுக்கு, வாசித்துக் காட்டுவோம். புகாருக்கான போன் நம்பரும், பெட்டிச் சாவியும் போர்டில் இருக்கிற, குடும்பத்தைச் சேராத ஒரே உறுப்பினரிடம். பெட்டியை கேமரா இல்லாத மாடிப்படித் திருப்பத்துக்கு மாற்றிவிட்டேன் சிஸ்டர், நானே ஸ்க்ரூ டிரைவர் பிடித்து. என்னை சிஎஃப்ஓவிடமிருந்து எடுத்து எம்டிக்குக் கீழே போட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போர்டில் பத்து நிமிஷம்.

'ரெஃபர்டு பை' கட்டத்தைப் பற்றிக் கேட்டேன். யாரும் பேசவில்லை. எம்டி தண்ணீர் குடித்தார். சிஎஃப்ஓ, ரவி சொன்ன தீர்ப்பை ஒரு தடவை படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். கடைசியில் எம்டி, "லெட்ஜரை அடுத்த குவார்ட்டர் பார்க்கலாம்" என்று முடித்துவிட்டார்.

பில்லிங் அண்ணாச்சி:
எந்த வருஷத்துக் குவார்ட்டர் என்று மினிட்ஸில் இருக்கா?

முலுண்ட் கீதா:
தேதியோடு எழுதியிருக்கிறேன். அவர் கையெழுத்துதான் இன்னும் வரவில்லை.