பன்னிரண்டு பாக்டீரியாக்கள் கொண்ட எலிக்குடல் சமுதாயத்தில் ‘முக்கிய’ ஊட்டப்பொருளை எப்படி அடையாளம் காண்பது?

ஆய்வகவிளக்கு (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். மியூனிக்கில் பேர்பெல் ஷ்டெக்கர் அவர்களின் குழுவினர் உருவாக்கி 2016இல் வெளியிட்ட ஓஎம்எம்-12 என்ற எலிக்குடல் பாக்டீரியாத் தொகுப்பை வைத்து வேலை செய்கிறேன். ஐந்து பெருந்தொகுதிகளைச் சேர்ந்த பன்னிரண்டு பாக்டீரியாக்கள் இதில் உள்ளன. அவற்றை ஒன்றாகச் சேர்த்து, ஆக்சிஜன் இல்லாத அறையில், ஒய்சிஎப்ஏ என்ற வளர்ப்பு ஊடகத்தில் 24 மணி நேரம் வளர்த்து, பாக்டீரியாக்களை நீக்கிய மேல்நீரை, கரைந்துள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியில் அளந்தேன். நொதித்தலின் முடிவுப்பொருள்களில் அசிட்டேட் மிக அதிகமாகவும், சக்சினேட் கணிசமாகவும், புரோப்பியோனேட் நடுத்தரமாகவும், பியூட்டிரேட் மிகக் குறைவாகவும் இருந்தன.

இந்தச் சமுதாயத்தின் முக்கிய ஊட்டப்பொருள்களையும் வளர்சிதைமாற்றப் பொருள்களையும் ஓர் அட்டவணையாகத் தருமாறு என் நெறியாளர் கேட்டிருக்கிறார். அதிகச் செறிவில் இருப்பதையே முக்கியமானது என்று எழுதிவிடலாமா? அசிட்டேட்டை முதலிடத்தில் வைக்க மனம் ஒப்பவில்லை. ஆனால் அதற்கான காரணத்தைச் சொல்லவும் எனக்குத் தெரியவில்லை.

காற்றில்லாக்குடுவை:

உங்கள் மனம் ஒப்பாததற்குக் காரணம் இருக்கிறது. ஒய்சிஎப்ஏ என்ற பெயரின் இறுதியில் உள்ள இரண்டு ஆங்கில எழுத்துகளும் (எப், ஏ) கொழுப்பு அமிலங்களைத்தான் குறிக்கின்றன. வழக்கமான செய்முறைப்படி தயாரித்தால், ஒரு பாக்டீரியாவைக்கூடப் போடுவதற்கு முன்பே அந்த ஊடகத்தில் ஏறத்தாழ 33 மில்லிமோலார் அசிட்டேட்டும் 9 மில்லிமோலார் புரோப்பியோனேட்டும் இருக்கும். ஐசோபியூட்டிரேட், ஐசோவேலரேட் போன்றவையும் சிறிதளவு இருக்கும். பாக்டீரியா சேர்க்காத ஊடகத்தைச் சுழிய மணியிலும் 24 மணியிலும் அளந்து கழித்தீர்களா? கழிக்கவில்லையென்றால், நீங்கள் அளந்த அசிட்டேட்டில் ஒரு பகுதி நீங்களே ஊற்றியது. அதற்கு மாறாக, பியூட்டிரேட்டை உண்டாக்கும் பாக்டீரியாக்களில் பல அந்த வேலைக்கு அசிட்டேட்டையே எடுத்துக்கொள்கின்றன. அதனால் ஒரே குழாயில் ஒருவர் சேர்ப்பதை மற்றொருவர் செலவழித்திருக்கலாம். இறுதி எண்ணை மட்டும் பார்த்து எது நடந்தது என்று சொல்ல முடியாது.

ஊடகத்தைப் பற்றி இன்னும் இரண்டு கேள்விகள். ஆக்சிஜனை நீக்குவதற்காகச் சிஸ்டீன் சேர்த்திருப்பீர்கள். அதுவும் ஓர் அமினோ அமிலம் என்பதையும், சில பாக்டீரியாக்கள் அதை உடைத்து ஹைட்ரஜன் சல்பைடு வெளியிடும் என்பதையும் கணக்கில் கொண்டீர்களா? ஹீமினையும் (இரும்பு அடங்கிய ஹீம் என்ற சேர்மத்தைத் தரும் பொருள்) வைட்டமின் கரைசலையும் சேர்த்தீர்களா? பாக்டிராய்டஸ் இனங்களால் ஹீமைத் தாமே தயாரிக்க முடியாது. அது கிடைக்காவிட்டால், பியூமரேட்டைச் சக்சினேட்டாக மாற்றும் நொதி வேலை செய்யாது. நொதித்தலின் முடிவுப்பொருள்களே மாறிவிடும். செய்முறைத் தாளில் லிட்டருக்குச் சில மில்லிகிராம் என்று எழுதப்பட்டிருக்கும் பொருள்களை நாம் மசாலாவைப் போல நினைத்துவிடுகிறோம்.

என் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு, மாதிரிகளைச் செறிவூட்டுவதாக எண்ணி, அமிலமாக்கிய மேல்நீரை வெற்றிடத்தில் உலர்த்தினேன். அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் போன்ற குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் அமில வடிவில் எளிதில் ஆவியாகும் என்பது புத்தகத்தில் படித்த செய்திதான். இருந்தும், வரைபடத்தில் பியூட்டிரேட்டின் முகடு காணாமல் போனபோது இரண்டு வாரங்கள் பாக்டீரியாக்களைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

சிறுகுடல்வாசி:

ஒரு குறிப்பு மட்டும். குழாயிலிருந்து எலிக்குப் போகும்போது கணக்கு வேறாகிவிடும். குடலில் உருவாகும் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களின் பெரும்பகுதியைப் பெருங்குடல் சுவரே உறிஞ்சிக்கொள்கிறது. எலிப் புழுக்கையில் நாம் அளப்பது எஞ்சியதைத்தான். எலிகள் தம் புழுக்கையைத் தாமே தின்னும் வழக்கமுடையவை ஆதலால், பாக்டீரியாக்கள் தயாரித்த பி வைட்டமின்களும் வைட்டமின் கேயும் மீண்டும் உள்ளே போகின்றன. கிருமியற்ற எலிகளுக்கான தீவனத்தைக் கிருமிநீக்க ஆட்டோகிளேவில் (உயர் அழுத்த நீராவிக் கலன்) வைத்தால் தயமின் அழிந்துவிடும் என்பதால், அதற்கென வைட்டமின் கூட்டிய தீவனத்தையே வாங்க வேண்டும். அந்தக் கூடுதல் வைட்டமினும் உங்கள் பாக்டீரியாக்களின் ‘ஊட்டம்’ தான்.

ஆய்வகவிளக்கு:

இருவருக்கும் நன்றி. வெறும் ஊடகத்தை இன்று அளந்தேன். அதைக் கழித்தால் அசிட்டேட் பாதிக்கும் கீழே இறங்குகிறது. புரோப்பியோனேட் ஏறத்தாழ ஒன்றும் மிஞ்சவில்லை. சக்சினேட் மட்டும் அப்படியே நிற்கிறது. ஹீமின் சேர்த்திருந்தேன். வெட்கத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: ஈஸ்ட் சாற்றில் பி வைட்டமின்கள் இருக்கின்றனவே என்று எண்ணி, வைட்டமின் கரைசலைச் சேர்க்கவில்லை. அது ஒரு காரணமாக இருக்குமா? ‘முக்கியம்’ என்ற சொல்லுக்கு ஒரு வரையறையும் கிடைத்தால் நெறியாளரிடம் பேச எளிதாக இருக்கும்.

பழையநொதி:

உங்கள் சக்சினேட்டிலிருந்தே தொடங்குகிறேன். ஈஸ்ட் சாற்றில் பி வைட்டமின்கள் பல உண்டு. ஆனால் பி12 அந்தப் பட்டியலில் சேராது. அதை ஈஸ்ட்டால் தயாரிக்க முடியாது; பாக்டீரியாக்களும் ஆர்க்கியாக்களும் மட்டுமே தயாரிக்கின்றன. சக்சினேட்டைப் புரோப்பியோனேட்டாக மாற்றும் பாதையில் உள்ள மெத்தில்மலோனைல்-கோஏ மியூட்டேஸ் என்ற நொதிக்குப் பி12 தேவை. உங்கள் தொகுப்பில் உள்ள பாக்டிராய்டஸ், அக்கர்மான்சியா ஆகியவற்றின் உறவினர்களில் பல இந்த வைட்டமினைப் பிறரிடமிருந்தே பெறுகின்றன. கிடைக்காதபோது பாதை நடுவழியில் நின்று சக்சினேட் தேங்கும். உங்கள் எண்கள் அப்படியே அதைக் காட்டுகின்றன. இப்போதைக்கு அது ஐயம் மட்டுமே.

இது வெறும் ஏட்டு வேதியியல் அன்று. அக்கர்மான்சியாவின் மாதிரித் திரிபை (இனத்துக்கு அடையாளமாக வைத்திருக்கும் திரிபு) மனிதக் குடலின் யூபாக்டீரியம் ஹாலியுடன் சேர்த்து, சளிப்பொருளான மியூசினை மட்டும் உணவாகக் கொடுத்து வளர்த்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. மியூசினைத் தன்னால் உடைக்க முடியாத ஹாலி, அக்கர்மான்சியா உடைத்துக் கொடுத்த சர்க்கரைகளையும் 1,2-புரோப்பேன்டயாலையும் எடுத்துக்கொண்டு, போலி பி12 என்று அழைக்கப்படும் சேர்மத்தைத் திருப்பிக் கொடுத்தது. அதைப் பெற்ற அக்கர்மான்சியா புரோப்பியோனேட்டை உண்டாக்கியது. இந்தக் கொடுக்கல் வாங்கலில் கைமாறிய வைட்டமினின் அளவு மிகச் சிறியது. உங்கள் அட்டவணையைச் செறிவின்படி வரிசைப்படுத்தினால் அது கடைசி வரியில்கூட வராது.

இனி வரையறை. ஒரு பொருளை எடுத்துவிட்டால் சமுதாயத்தின் அமைப்போ செயலோ மாறவேண்டும். திரும்பக் கொடுத்தால் பழைய நிலைக்கு வரவேண்டும். அப்படிப்பட்டதை மட்டுமே நான் முக்கியமானது என்பேன். அதோடு, எந்தச் சூழலில் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இதற்கு உங்கள் தொகுப்பிலேயே நல்ல சான்று உண்டு. ஓஎம்எம்-12 எலிகளிலும் வேறொரு பாக்டீரியாச் சமுதாயம் கொண்ட எலிகளிலும் ஈ.கோலை ஒன்றைச் சேர்த்து, அது குடல்நோய்க் கிருமியான சால்மோனெல்லாவைத் தடுக்கிறதா என்று பார்த்து 2021இல் வெளியிட்டார்கள். குடலில் பலவகைச் சர்க்கரைகள் மிஞ்சிக் கிடந்த, எளிதில் தொற்று ஏற்படும் சமுதாயத்தில், ஈ.கோலை எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. சால்மோனெல்லாவைத் தடுக்க அதனால் முடியவில்லை. ஓஎம்எம்-12 இருந்த எலிகளிலோ, லாக்னோஸ்பிரேசியே என்ற பாக்டீரியாக் குடும்பத்தினர் ஐந்து அல்லது ஆறு கார்பன் அணுக்கள் கொண்ட சர்க்கரைகளை முன்னதாகவே காலிசெய்துவிட, காலக்டிடால் என்ற சர்க்கரை ஆல்கஹாலே சால்மோனெல்லாவைத் தாங்கிப்பிடிக்கக்கூடிய உணவாக எஞ்சியிருந்தது. அதை ஈ.கோலை தின்று தீர்த்தவுடன் சால்மோனெல்லாவுக்கு இடமில்லாமல் போயிற்று. காலக்டிடால் முக்கியமா என்று கேட்டால், முதல் சமுதாயத்தில் இல்லை, இரண்டாவதில் ஆம் என்பதே விடை. பக்கத்து வீட்டார் யார் என்று தெரியாமல் ஒரு பொருளின் முக்கியத்துவத்தைச் சொல்ல முடியாது.

கார்பனை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதும் நம் துறையின் பழைய பழக்கம். 2011இல் மனிதக் குடல் பாக்டீரியாக்கள் பத்தைக் கிருமியற்ற எலிகளில் குடியமர்த்தி, தீவனத்தில் பால்புரதமான கேசீன், சோள எண்ணெய், சோள மாவு, சர்க்கரை ஆகிய நான்கின் அளவை மட்டும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். மொத்த பாக்டீரியா அளவோடு நெருங்கிய தொடர்பு காட்டியது கேசீன்தான், மாவோ சர்க்கரையோ அன்று. சோறு குறைந்தால் கவலைப்படும் நமக்கு, அங்கே பருப்பு குறைந்ததுதான் பிரச்சினை என்பது சட்டென்று உறைப்பதில்லை.

எலியையும் ஒரு ஊட்டமூலமாக எண்ணிக்கொள்ளுங்கள். பதினான்கு மனிதக் குடல் பாக்டீரியாக்களைக் கொண்ட எலிகளுக்கு நார்ச்சத்தே இல்லாத தீவனம் கொடுத்தபோது, சளியை உண்ணக்கூடிய இனங்கள் பெருகி, குடலின் சளிப்படலத்தை அரித்து மெலிதாக்கின என்று 2016இல் காட்டினார்கள். தீவனப் பையின் சீட்டில் மியூசின் என்று எங்கும் எழுதியிருக்காது. இதை அட்டவணையில் எந்த வரிசையில் வைப்பது என்பதை நெறியாளரிடமே கேளுங்கள்.

உடனே செய்யக்கூடியது நான்கு குழாய்கள். பாக்டீரியாவுடன் பி12 இல்லாமல் ஒன்று, பி12 சேர்த்து ஒன்று, இவ்விரண்டுக்கும் பாக்டீரியா இல்லாத இணை ஒவ்வொன்று. ஒவ்வொன்றையும் மும்முறை செய்யுங்கள். ஊடகத்தில் ஊற்றும் அசிட்டேட்டையும் புரோப்பியோனேட்டையும் விட்டுவிட முடியுமானால் விட்டுவிடுங்கள், வளர்ச்சி சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை. 24 மணியில் ஒருமுறை மட்டும் எடுக்காமல் 6, 12, 24, 48 மணிகளில் மாதிரி எடுங்கள். ஏறி இறங்கும் பொருளை அப்போதுதான் பிடிக்க முடியும். பி12 சேர்த்த குழாயில் சக்சினேட் இறங்கிப் புரோப்பியோனேட் ஏறினால், அட்டவணையின் முதல் வரி கிடைத்துவிட்டது. இரண்டும் அசையாவிட்டால், சக்சினேட்டை எடுத்துக்கொள்ள வேண்டிய உறுப்பினரே குழாயில் வளரவில்லை என்று ஐயப்படுங்கள். அப்போது எச்பிஎல்சியை ஓரமாக வைத்துவிட்டு, பன்னிரண்டு பேரும் இருக்கிறார்களா என்று, ஒவ்வொரு இனத்தின் டிஎன்ஏ அளவையும் காட்டும் கியூபிசிஆரில் எண்ணிப் பாருங்கள்.