டிம் எரியவில்லை, கையும் உள்ளே போகவில்லை: வேகன்ஆர் ஹெட்லைட் பல்பு மாற்ற உதவி தேவை

நீடாமங்கலம்வாசி:
வணக்கம். என்னிடம் இருப்பது 2012 வேகன்ஆர், ஒரு கை மாறி வந்த வண்டி. பேட்டரி இருக்கும் பக்கத்து ஹெட்லைட்டில் நான்கு நாளாக டிம் எரியவில்லை. பிரைட் போட்டால் அதே விளக்கு நன்றாக எரிகிறது. தஞ்சாவூரில் வேலை முடிந்து கிளம்பவே இரவு எட்டரை ஆகிவிடும். அம்மாப்பேட்டை தாண்டினால் ரோட்டில் பாதியை நெல் பிடித்துக்கொண்டிருக்கிறது. தார்ப்பாய் போட்டு மூடி, சுற்றிக் கருங்கல் வைத்துவிடுகிறார்கள். ஒற்றைக் கண்ணோடு அந்தக் கல்லைப் பார்த்து ஒதுங்குவதற்குள் உயிர் போய்விடுகிறது. பிரைட்டிலேயே வந்தால் எதிரே வருகிறவர் திட்டிக்கொண்டே போகிறார்.

ஞாயிற்றுக்கிழமை நானே இறங்கினேன். அப்பா வைத்திருந்த அம்பாசடரில் முன்பக்கம் வளையத்தைக் கழற்றினால் விளக்கு முழுசாகக் கையில் வந்துவிடும். அந்த நினைப்பில் பானட்டைத் திறந்தேன். இதில் பேட்டரிக்கும் விளக்குக்கும் நடுவே நான்கு விரல்தான் போகிறது. பல்பின் பின்னால் வயரோடு மாட்டியிருக்கும் கப்ளரை இழுத்தால் அசையவே இல்லை. மணிக்கட்டில் தோல் உரிந்ததுதான் மிச்சம். ஒரு கடையில் கேட்டதற்கு, "பம்பரைக் கழற்றணும் சார், 1200 ரூபாய் ஆகும்" என்றார்கள். நிஜமாகவே பம்பரைக் கழற்ற வேண்டுமா?

கும்மோணம் வயர்மேன்:
பம்பரைத் தொடாதீர்கள் தம்பி. கழற்ற வேண்டியது பேட்டரியை. பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்று போதும். முதலில் மைனஸ், அப்புறம் பிளஸ். பேட்டரியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டால் முழங்கை வரை இடம் கிடைக்கும். பிறகு கடிகாரத்தை மட்டும் திருப்பி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

உங்கள் வண்டியில் இருப்பது எச்4 என்கிற ஹாலஜன் பல்பு. ஒரே கண்ணாடிக்குள் இரண்டு இழை: பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55. பிரைட் எரிந்து டிம் எரியாவிட்டால் பெரும்பாலும் டிம் இழை அறுந்திருக்கும். ஆனால் அதை நம்பிப் புது பல்பு வாங்கிவிடாதீர்கள். அடுத்த பக்கத்துப் பல்பைக் கழற்றி இங்கே போட்டுப் பாருங்கள். அப்போதும் டிம் எரியாவிட்டால் கோளாறு பல்பில் இல்லை. கப்ளரையும் ஃபியூஸையும் பாருங்கள்.

கப்ளரை ஒரேயடியாக இழுத்தால் வராது. மேலும் கீழும் லேசாக ஆட்டி ஆட்டி இழுங்கள். அதற்குப் பின்னால் ரப்பர் மூடி. அதன் காதைப் பிடித்து உரித்தால் கம்பிக் கிளிப் தெரியும். கம்பியை உள்ளே அமுக்கிப் பக்கவாட்டில் தள்ளினால் விடுபடும். இந்த வேலையில் எல்லோரும் தடுமாறுவது இங்கேதான், ஏனென்றால் கண்ணால் பார்க்க முடியாது. போனை வீடியோவில் வைத்து உள்ளே நீட்டி, முதலில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடியில் விரல் படக் கூடாது. கையில் இருக்கும் எண்ணெய்ப்பசை பட்ட இடம் தனியாகச் சூடேறி, பல்பு சீக்கிரம் போய்விடும். பட்டுவிட்டால் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிடுங்கள்.

திருவாரூர் தேர்:
இதற்கு எதற்கு இவ்வளவு பாடு? எல்இடி வாங்கி மாட்டுங்கள் ப்ரோ. பால் மாதிரி வெளிச்சம்.

மாயவரம் டாக்ஸி:
அந்தப் பால் வெளிச்சத்தில்தான் தினமும் எங்கள் கண் போகிறது தம்பி. ஹாலஜன் இழை நிற்கிற இடத்தை வைத்துத்தான் அந்த விளக்கின் கிண்ணத்தையே வடிவமைக்கிறார்கள். அதில் ஏதோ ஒரு எல்இடியைச் சொருகினால் வெளிச்சம் ரோட்டில் விழாமல் சிதறி எதிராளி முகத்தில் அடிக்கும். பின்னால் ஃபேன் வேறு துருத்திக்கொண்டு நிற்பதால் பலர் ரப்பர் மூடியையே போடுவதில்லை. ஐப்பசி மழையில் உள்ளே ஆவி கட்டி, கண்ணாடி வெள்ளையாகிவிடும். மார்கழிப் பனியில் கேட்கவே வேண்டாம்.

நீடாமங்கலத்து நண்பருக்கு: பல்பு மாற்றுவதில் வண்டிக்கு வண்டி சுபாவம் வேறு. பொலீரோவில் உள்ளே இறங்கி உட்கார்ந்தே மாற்றலாம் போல இடம் இருக்கும். சில வண்டிகளில் இரண்டு போல்ட்டைக் கழற்றி விளக்கை முழுசாக முன்னால் இழுக்க வேண்டும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் அதுதான் சுலபம், வெளியே வைத்து நிதானமாகச் செய்யலாம். எச்7 என்கிற ஒற்றை இழைப் பல்பு போடுகிற வண்டிகளில் டிம்முக்குத் தனிப் பல்பு, பிரைட்டுக்குத் தனிப் பல்பு. புதிதாக வருகிற சில வண்டிகளில் பல்பே கிடையாது. கம்பெனி எல்இடி போனால் விளக்கையே மாற்றச் சொல்கிறார்கள், விலையைக் கேட்டால் தலை சுற்றும். எச்4 வைத்திருக்கிறவர் கொடுத்து வைத்தவர்.

காரைக்கால் கடலோரம்:
என் மச்சான் பிரான்சில் ரெனோ மெகான் வைத்திருந்தார், இரண்டாம் தலைமுறை. அதில் பானட் பக்கமே போக வேண்டாம். ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டு, சக்கரத்துக்கு மேலே உள்வளைவில் இருக்கும் மூடியைத் திறந்து அதற்குள் கையை விட வேண்டும். சேறும் சகதியுமாக இருக்கும் இடம். குளிர்காலத்தில் ஒரு தடவை மாற்றிவிட்டு, அடுத்த தடவை காசு கொடுத்துவிட்டார்.

நீடாமங்கலம்வாசி:
வயர்மேன் அண்ணே, பேட்டரியைத் தூக்கியதும் வேலை பாதி முடிந்த மாதிரி ஆகிவிட்டது. கம்பி மட்டும் இரண்டு தடவை விரலில் அடித்தது. அடுத்த பக்கத்துப் பல்பை மாற்றிப் போட்டேன், டிம் எரியவில்லை. ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. அப்புறம் கப்ளரைத் திருப்பிப் பார்த்தால் மூன்று ஓட்டையில் ஒன்று பழுப்பாகி, பிளாஸ்டிக் இளகி நிற்கிறது. கருகின வாசனை இன்னும் இருக்கிறது. கழற்றிய பல்பின் அடியில் 100/90 என்று போட்டிருக்கிறது. நான் வாங்கிப் போட்டது இல்லை.

கும்மோணம் வயர்மேன்:
முன்னால் வைத்திருந்தவர் செய்த வேலை. 55 வாட் டிம்முக்கு நாலரை ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே ஓடும். 90 வாட் என்றால் ஏழரை. கரண்ட் ஒன்றரை மடங்குக்கும் மேலே போனால் கப்ளரில் சூடு இரண்டரை மடங்குக்கு மேல் போகும். கம்பெனி வயரும் சுவிட்சும் அதற்குப் போட்டதில்லை. ரிலே (பெரிய கரண்டைத் தாங்கும் தனி சுவிட்ச்) வைத்துத் தனி வயர் இழுக்காமல் பெரிய பல்பு போட்டால் இப்படித்தான் ஆகும்.

பீங்கான் கப்ளர் என்று கேட்டு வாங்குங்கள், வயரோடு வரும். கருகின வயரை நல்ல செம்பு தெரிகிற இடம் வரை வெட்டிவிட்டுச் சேருங்கள். வெறுமனே முறுக்கி டேப் சுற்றாதீர்கள், ஈயம் வைத்துச் சேர்க்க வேண்டும். அது கைவராவிட்டால் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள், அரை மணி வேலை. இரண்டு பக்கமும் 60/55 போடுங்கள். அடுத்த பக்கத்துக் கப்ளரையும் பார்த்துவிடுங்கள், அது மட்டும் தப்பியிருக்காது.

நீடாமங்கலம்வாசி:
சொன்ன மாதிரியே அதுவும் பழுப்பு. இரண்டையும் மாற்றினேன். கப்ளர், பல்பு, ஈயம் வைத்த கூலி எல்லாம் சேர்த்து 740 ரூபாய். டிம் எரிகிறது. ஆனால் ஒரு பக்கத்து வெளிச்சம் எதிர்வீட்டுத் தென்னையில் குருத்து வரைக்கும் ஏறுகிறது!

கும்மோணம் வயர்மேன்:
பல்பு கோணலாக உட்கார்ந்திருக்கிறது. எச்4 தட்டில் மூன்று காது இருக்கும், ஒன்று மட்டும் அகலம். அகலக் காது மேலே, அதற்குரிய பள்ளத்தில் உட்கார வேண்டும். சரியாக உட்கார்ந்தால் கம்பி போடும் முன்பே ஆடாமல் நிற்கும். விளக்கின் கோணத்தை மாற்றும் திருகாணியைத் திருப்பி வெளிச்சத்தைக் கீழே இறக்கிவிடாதீர்கள், அது வேறு கதை.

முடித்ததும் சமதரையில் வண்டியைச் சுவருக்கு நேரே 10 மீட்டர் தள்ளி நிறுத்தி டிம் போடுங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு, விளக்கு இருக்கும் உயரத்துக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். இடது ஓரம் மட்டும் கொஞ்சம் மேலே ஏறும், அது நம் ரோட்டோரம் தெரிவதற்காக.

நீடாமங்கலம்வாசி:
காதுதான் அண்ணே. தென்னை தப்பியது. ரைஸ்மில் சுவரில் அளந்து பார்த்துவிட்டேன். நேற்று இரவு வரும்போது தார்ப்பாயும் தெரிந்தது, கல்லும் தெரிந்தது, கல்லுக்கு அந்தப் பக்கம் கயிற்றுக்கட்டிலில் நெல்லுக்குக் காவல் படுத்திருந்தவரும் தெரிந்தார்.

திருவாரூர் தேர்:
வயர்மேன் அண்ணே, நான் போட்ட எல்இடியைக் கழற்றினால் பழைய ரப்பர் மூடி கடையில் தனியாகக் கிடைக்குமா?

கும்மோணம் வயர்மேன்:
கிடைக்கும். வண்டி மாடல், வருஷம் சொல்லிக் கேளுங்கள்.