2 கப் மைதா எத்தனை கிராம்? மூன்று விடைகள் கிடைக்கின்றன

கேள்வி:
வணக்கம். நான் செய்ய விரும்பும் கேக் செய்முறையில் 2 கப் மைதா, 1 கப் சர்க்கரை, கால் கப் கோகோ தூள் என அனைத்தும் கப் கணக்கிலேயே உள்ளன. என்னிடமோ டிஜிட்டல் தராசு மட்டுமே இருக்கிறது. 2 கப் மைதாவுக்கு ஓர் அட்டவணை 250 கிராம் என்றும், மற்றொன்று 300 கிராம் என்றும், கைப்பேசிச் செயலி ஒன்று 480 கிராம் என்றும் காட்டுகின்றன. சர்க்கரைக்கு மட்டும் இரண்டு அட்டவணைகளும் 200 கிராம் என்கின்றன. எதை நம்புவது?

பதில் 1:
480 கிராமை முதலில் ஒதுக்கிவிடுங்கள். அந்தச் செயலி 1 மில்லிலிட்டரை 1 கிராமாக வைத்துக் கணக்கிட்டிருக்கிறது. அது தண்ணீருக்குத்தான் பொருந்தும். மற்ற இரண்டுமே சரியான விடைகள்தான், அளக்கும் முறைதான் வேறு. மாவைக் கிளறிவிட்டு, கரண்டியால் கப்பில் மெல்லப் போட்டு, மேற்பரப்பைக் கத்தியால் வழித்தால் ஒரு கப் ஏறக்குறைய 125 கிராம் வரும். கப்பையே மாவுக்குள் அமிழ்த்தி அள்ளினால் மாவு அழுந்தி 150 கிராம் வரை ஏறும். சர்க்கரை அப்படி அமுங்குவதில்லை என்பதால் அதில் அட்டவணைகள் ஒத்துப்போகின்றன. எப்படி அளந்தார் என்பதைச் செய்முறை எழுதியவர் குறிப்பிடவில்லையெனில் 250 கிராமில் தொடங்குவதே என் யோசனை, ஏனெனில் தளர்ந்த கலவையில் மாவைச் சேர்க்கலாம், சேர்த்த மாவைத் திரும்ப எடுக்க இயலாது. கோகோவுக்கு 20 முதல் 25 கிராம் போதும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி, ஆனால் கப் எந்த நாட்டினது என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கப் ஏறத்தாழ 237 மி.லி.; ஆஸ்திரேலியாவில் 250 மி.லி.; ஜப்பானில் 200 மி.லி. மேசைக்கரண்டிகூட ஆஸ்திரேலியாவில் 20 மி.லி., பெரும்பாலான பிற இடங்களில் 15 மி.லி. செய்முறையில் பாலுக்கோ தண்ணீருக்கோ அடைப்புக்குறிக்குள் மில்லிலிட்டர் அளவு தரப்பட்டிருந்தால், அதுவே கப்பின் கொள்ளளவைக் காட்டிக்கொடுத்துவிடும். மாவை அளப்பதற்கு முன் சலிக்கச் சொல்கிறார்களா, அளந்த பின்னரா என்பதையும் கவனியுங்கள். முன்பே சலித்த மாவு கப்பில் குறைவாகவே பிடிக்கும்.

பதில் 3:
அவுன்ஸில் எழுதப்பட்ட செய்முறைகளுக்கு ஓர் எச்சரிக்கை: எடை அவுன்ஸ் 28.35 கிராம், திரவ அவுன்ஸ் என்பதோ கொள்ளளவு, அமெரிக்கக் கணக்கில் 29.57 மி.லி. மாவுக்கு இரண்டாவதைப் பயன்படுத்தினால் மறுபடியும் அந்த 480 கிராம் கதைதான்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பால் '1 கப் (240 மி.லி.)' என்றே இருக்கிறது, ஆகவே மைதா 250 கிராம், சர்க்கரை 200 கிராம் என வைத்துக்கொள்கிறேன். அரைத் தேக்கரண்டி உப்பையும், ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடரையும்கூடக் கிராமுக்கு மாற்ற வேண்டுமா? என் தராசு 1 கிராம் படிகளில்தான் காட்டும்.

பதில் 1:
வேண்டாம். அரைத் தேக்கரண்டி தூளுப்பு ஏறத்தாழ 3 கிராம். 1 கிராம் படிகளில் காட்டும் தராசில் அரைக் கிராம் பிசகினாலே ஆறில் ஒரு பங்கு பிழையாகிவிடும். இந்த இரண்டுக்கும் 5 மி.லி. அளவுக்கரண்டியே தராசைவிட நம்பகமானது. உப்பு மட்டும் தூளுப்பாகவே இருக்கட்டும். செதில் உப்பாக இருந்தால் அதே கரண்டியில் எடை பாதியளவுக்குக்கூட இறங்கிவிடும்.