‘டாக்டர் ஹூ’வின் உண்மைப் பெயர்: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு ஞாயிறு இரவு

தம்பி: ‘டாக்டர்’ என்று மட்டுமே அழைக்கப்படும், காலத்தில் பயணம் செய்யும் வேற்றுக்கிரகவாசி ஒருவரைப் பற்றிய ‘டாக்டர் ஹூ’ தொலைக்காட்சித் தொடரில் 2008ஆம் ஆண்டு வந்த நூலகக் கதையின் இரண்டு பகுதிகளையும் நேற்று பார்த்து முடித்தேன். டாக்டர் அதுவரை சந்தித்தே இராத ரிவர் சாங் என்ற பெண்மணி, தம்மை அவர் நம்ப வேண்டும் என்பதற்காக அவருடைய காதருகே ஒரு சொல்லைச் சொல்கிறார்; கேட்ட மாத்திரத்தில் டாக்டருக்கு முகம் மாறிவிடுகிறது. அது அவருடைய உண்மைப் பெயர் என்று பிறகு தெரிகிறதே தவிர, நமக்கு ஓர் எழுத்துகூடக் கேட்கவில்லை. அந்தப் பெயர் என்னவாக இருக்கும் என்று இங்கே யாராவது யோசித்ததுண்டா?

பெரியப்பா: குழந்தைக்குப் பெயர் வைக்கும் நாளில் காதில் மூன்று முறை சொல்வது நம் வீட்டு வழக்கம். தொள்ளாயிரம் வயதைக் கடந்த ஒருவருக்கு அதை ஒரு பெண் திரும்பச் செய்கிறாள் என்பதாலேயே அந்தக் காட்சி எனக்குப் பிடிக்கும்.

அக்கா: நான் யோசித்ததோடு நிற்காமல் முடிவுக்கும் வந்துவிட்டேன். அவருடைய பெயர் ‘டாக்டர் ஹூ’ என்பதுதான். 1963 நவம்பர் 23 அன்று பிபிசியில் தொடங்கிய நாள் முதல் எழுபதுகள் முழுவதும் நடிகர் பட்டியலில் அப்படித்தான் போட்டார்கள். 1966இல் வோட்டன் என்ற கணினி ‘டாக்டர் ஹூ தேவைப்படுகிறார்’ என்று வாய்விட்டே சொல்கிறது. அதே ஆண்டு இறுதியில் தொடங்கிய ஸ்காட்லாந்துக் கதையில் அவர் ‘டாக்டர் ஃபொன் வேர்’ என்று புனைபெயர் பூணுகிறார். ஆங்கில ‘ஹூ’வைப் போலவே ஜெர்மன் மொழியில் ‘வேர்’ என்றால் ‘யார்’ என்று பொருள். இத்தனையும் தற்செயலாக அமைந்தவை என்று என்னால் ஏற்க முடியவில்லை. 2017இல் டாக்டரின் பழைய தோழியும் எதிரியுமான மிஸ்ஸியும் இதையே சொல்கிறாள்: தொடக்கத்தில் மர்மமாகத் தோன்ற வேண்டும் என்று அவரே அந்தப் பெயரை வைத்துக்கொண்டார், பிறகு கொஞ்சம் மிகையாகிவிட்டது என்று ‘ஹூ’வை விட்டுவிட்டார் என்கிறாள்.

நான்: அக்கா, மிஸ்ஸியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால் வழக்கு அன்றே தோற்றுவிடும், அவள் பொழுதுபோகவில்லை என்றால்கூடப் பொய் சொல்பவள். நடிகர் பட்டியலும் உங்களுக்குக் கைகொடுக்காது. டாக்டர் அவ்வப்போது புது உருவம் எடுப்பவர், அதனால் நடிகர்களும் மாறுவார்கள்; பீட்டர் டேவிசன் நடித்த காலத்தில் அது வெறும் ‘டாக்டர்’ ஆயிற்று. 2005இல் கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டனுக்கு மீண்டும் ‘டாக்டர் ஹூ’ என்று போட்டார்கள். அடுத்து வந்த டேவிட் டெனன்ட், சிறு வயதிலிருந்தே தொடரின் ரசிகர் என்பதால், தாமே கேட்டு அதைத் திரும்ப ‘டாக்டர்’ என்று மாற்றவைத்தார். ஒருவருடைய உண்மைப் பெயர் தயாரிப்பாளர் மாறும்போதெல்லாம் மாறுமா?

லண்டன் அத்தை: நான் 1984இல் இங்கே வந்தபோது டாக்டரின் சட்டைக் காலரில் இரண்டு பக்கமும் கேள்விக்குறி தைத்திருப்பார்கள். சில்வெஸ்டர் மக்காய் வந்த பிறகு ஸ்வெட்டர் முழுவதும் கேள்விக்குறி, குடைக் கைப்பிடியும் கேள்விக்குறி. பெயரைக் கேட்டால் உடுப்பைக் காட்டிவிட்டுப் போகிற மனிதர் என்று உங்கள் மாமா கேலி செய்வார். ஆனால் இந்தக் கேள்வி எங்கிருந்து பிறந்தது என்று பழைய பகுதிகளைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. டோட்டர்ஸ் லேன் 76ஆம் எண்ணில் இருந்த பழைய சாமான் கிடங்கின் கதவில் ‘ஐ. எம். ஃபோர்மேன்’ என்று எழுதியிருக்கும். டாக்டரின் பேத்தி சூசன் பள்ளியில் அந்தப் பெயரையே கொடுத்திருந்ததால், ஆசிரியர் இயன் கிழவரை ‘டாக்டர் ஃபோர்மேன்’ என்று கூப்பிடுகிறார். அவரோ ‘டாக்டர் யாரு? என்ன சொல்கிறார் இவர்?’ என்று முணுமுணுக்கிறார். அறுபது ஆண்டு மர்மம் முழுவதற்கும் கதவில் எழுதியிருந்த வேறு யாரோ ஒருவருடைய பெயர்தான் தொடக்கம்.

பெரியப்பா: பள்ளிக்கூட இலக்கணத்தை வைத்துப் பார்த்தால் இதில் பாதிச் சிக்கல் தீரும் என்று தோன்றுகிறது. இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்று படித்திருப்பீர்கள். ‘டாக்டர்’ என்பது குணப்படுத்துபவர் என்ற காரணத்தால் வந்தது. பலருக்கும் பொதுவான அந்தப் பெயரை இவர் தமக்கே உரியதாக, காரணச் சிறப்புப்பெயராக, ஆக்கிக்கொண்டார். தம்பி தேடுவதோ பிறந்தபோது பிறர் இட்ட பெயரை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் மருமகள் பிள்ளை ‘டாக்டர் ஹூ’ என்பதிலேயே நின்றுவிடுகிறாள்.

அக்கா: பெரியப்பா, நான் உங்கள் தம்பி மகள். இலக்கணத்தில் காட்டுகிற கவனத்தை உறவுமுறையிலும் கொஞ்சம் காட்டக் கூடாதா?

பெரியப்பா: தட்டச்சில் நேர்ந்த பிழை, மகளே, கண்ணாடி போடவில்லை. மேலே செல்வோம்.

தம்பி: பள்ளிப் பெயர் ஒன்று இருக்கிறதே! 1979இல் வந்த கதையில் டிராக்ஸ் என்ற பழைய வகுப்புத் தோழர் அவரைத் ‘தீட்டா சிக்மா’ என்று அழைக்கிறாராமே? அதுவே உண்மைப் பெயராக இருக்கக் கூடாதா?

நான்: அந்த வாசலை 1988இலேயே சாத்திவிட்டார்கள், அது கல்லூரி நாட்களில் வைத்த பட்டப்பெயர் என்று ஒரு கதையில் வெளிப்படையாகவே வருகிறது. பெயரின் வடிவத்தை ஊகிக்க வேண்டுமானால் டிராக்ஸை விட ரொமானா நல்ல துணை. 1978இல் டாக்டருடன் சேர்ந்த, அவரைப் போலவே டைம் லார்டு இனத்தைச் சேர்ந்த அந்தப் பெண்ணின் முழுப் பெயர் ரொமானாத்வோராட்ரெலுண்டார். அவர்களுடைய காலிஃப்ரே கிரகத்தில் பெயர்கள் இந்த நீளத்தில்தான் இருக்கும் என்றால், நம் டாக்டரின் பெயரும் மூச்சுப் பிடித்துச் சொல்ல வேண்டிய ஒன்றாகத்தான் இருக்கும்.

அக்கா: மனித வாயால் சொல்லவே முடியாத பெயர் என்ற கட்சியும் ரசிகர்களிடையே உண்டு. மால்கம் ஹல்க், டெரன்ஸ் டிக்ஸ் இருவரும் 1972இல் எழுதிய, தொடர் உருவான விதத்தைச் சொல்லும் புத்தகத்தில், அவருடைய பெயரைக் கணிதக் குறிகளும் கிரேக்க எழுத்தும் கலந்த ஒரு சூத்திரம் போலத்தான் அச்சிட்டிருக்கிறார்கள். எழுதலாம், ஆனால் உச்சரிக்க முடியாது.

லண்டன் அத்தை: எழுதலாம் ஆனால் சொல்லக் கூடாது என்றால் அது எனக்குப் பழகிய சங்கதிதான். முதன்முதலில் பாஸ்போர்ட் எடுக்கப் போனபோது கணவர் பெயரைக் கேட்டார்கள். என் வாயிலிருந்து அது வரவில்லை, தாளில் எழுதிக் காட்டினேன். ரிவர் சாங் மனைவியாக இருந்துகொண்டு கணவனின் பெயரைச் சொல்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தால் என் மாமியார் தொலைக்காட்சியையே அணைத்திருப்பார்.

நான்: அத்தை சொன்னதில் ஒரு தடயம் இருக்கிறது. 2013 ஏப்ரலில் வந்த ஒரு பகுதியில், டாக்டரின் காலப்பயணக் கலமான டார்டிஸுக்குள் இருக்கும் நூலகத்தில், டைம் லார்டுகள் நடத்திய காலப்போரின் வரலாற்றைச் சொல்லும் பெரிய புத்தகம் ஒன்றை, அவருடன் பயணிக்கும் கிளாரா புரட்டுகிறாள். அங்கே அவருடைய பெயரைப் படித்தும்விடுகிறாள். பிறகு காலம் பின்னோக்கித் திருத்தப்பட்டதால் அவளுக்கு அது மறந்துபோகிறது. ஆக, சாதாரண மனிதப் பெண் ஒருத்தி பார்த்தவுடன் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய பெயர்தான் அது. உச்சரிக்க முடியாத சூத்திரம் என்ற கட்சி, என் கணக்கில், அந்தப் பக்கத்தோடு முடிந்துவிட்டது.

தம்பி: அப்படியானால் ஏன் அவ்வளவு மறைக்க வேண்டும்? பாம்பேய் கதையில் குறிசொல்லும் பெண் ஒருத்தி, அவருடைய உண்மைப் பெயர் மறைந்திருக்கிறது, மெடூசா அருவியின் விண்மீன்களில் எரிகிறது என்கிறாள். பெயர் என்ன, வானத்து வரைபடமா?

அக்கா: இங்கேதான் என் பழைய முடிவு எனக்கே ஆட்டம் காண்கிறது. நூலகக் கதையில், தம் பெயரை ஒருவரிடம் சொல்ல ஒரே ஒரு காரணம்தான், ஒரே ஒரு வேளைதான் இருக்க முடியும் என்று டாக்டர் சொல்கிறார். அது திருமணம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம். 2011 அக்டோபரில் திருமணமும் வந்தது. ரிவரின் காதில் எதையோ சொல்லிவிட்டு, தம் பெயரைச் சொன்னதாக ஊரறிய அறிவிக்கிறார். உண்மையில் அவர் சொன்னது தம் கண்ணுக்குள் பார்க்கும்படி மட்டுமே, ஏனென்றால் அங்கே நின்றது அவர் உருவில் இருந்த இயந்திரம். திருமண நாளிலும் பெயர் சொல்லப்படவில்லை! ரிவருக்கு அது எப்போது தெரியவந்தது என்பதைக் கதை காட்டவே இல்லை.

நான்: மறைப்பதற்கான காரணத்தை 2013 மே மாதம் சொல்லிவிட்டார்கள் என்பேன். டிரென்சலோர் கிரகத்தில் இருக்கும் அவருடைய கல்லறைக்கு அந்தப் பெயர்தான் திறவுகோல். ரிவர் அதைச் சொன்னதும் கதவு திறக்கிறது, நமக்கு மட்டும் கேட்பதில்லை. அதே ஆண்டு கிறிஸ்துமஸ் கதையில், சுவரில் உள்ள பிளவுக்கு அப்பாலிருந்து காலிஃப்ரே ‘டாக்டர் யார்?’ என்ற கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பதில் வந்தால் டைம் லார்டுகள் திரும்பி வருவார்கள், போர் மீண்டும் மூளும். அதனால் அவர் நூற்றாண்டுக் கணக்கில் வாய் திறக்காமல் ஒரு சிற்றூரைக் காவல் காக்கிறார். கடைசியில் கிளாரா அந்தப் பிளவருகே போய், அவர் பெயர் டாக்டர், அவருக்கு அது போதும் என்கிறாள்.

லண்டன் அத்தை: அந்தக் கட்டத்தில் நான் அழுதேன் என்பதைக் குழுவில் பதிவு செய்துகொள்கிறேன். ஆனால் அது பதிலா, பதில் சொல்லாமல் தப்பித்ததா என்று இன்னும் எனக்கு ஐயம்தான்.

பெரியப்பா: எனக்கு ஐயமில்லை, தங்கச்சி. ஒருவர் தேர்ந்துகொள்ளும் பெயர் அவர் கொடுக்கும் வாக்குறுதி என்று அவரே மே மாதக் கதையில் சொல்கிறார். அந்த வாக்கை மீறியதாகக் கருதியதால்தான், ஜான் ஹர்ட் நடித்த போர்க்கால உருவத்துக்கு ‘டாக்டர்’ என்ற பெயரே மறுக்கப்படுகிறது. காரணம் போனால் காரணப்பெயரும் போகும். இன்னொரு செய்தியையும் கவனியுங்கள். 2011இல் வந்த ஒரு கதையில், காமா வனத்து மக்களின் மொழியில் ‘டாக்டர்’ என்றால் ‘மாபெரும் போர்வீரன்’ என்று பொருள் என வருகிறது. அந்த ஊரில் காரணமே தலைகீழாகிவிட்டது. அவர் தம் இடுகுறிப்பெயரை மறைப்பதை விட, இந்தக் காரணப்பெயரைக் காப்பாற்றத்தான் அதிகம் பாடுபட்டிருக்கிறார்.

அக்கா: அப்படியென்றால் ‘ஹூ’ என்ற சொல்லுக்கு உங்கள் இலக்கணத்தில் இடமே இல்லையா?

பெரியப்பா: நல்ல இடம் இருக்கிறது. நம் ‘யார்’ என்ற சொல்லை நன்னூல் உயர்திணையின் மூன்று பாலுக்கும் பொதுவான வினாவினைக்குறிப்பு என்கிறது. அவன் யார், அவள் யார், அவர்கள் யார் என்று மூன்றுக்கும் அது பொருந்தும். 1963இல் வில்லியம் ஹார்ட்னல் ஆண்பால். 2017 முதல் 2022 வரை ஜோடி விட்டேக்கர் பெண்பால். 2013 நவம்பரில், பொன்விழாக் கதையில், டாக்டரின் பதின்மூன்று உருவங்களும் ஒரே நேரத்தில் காலிஃப்ரேயைக் காக்க வந்தபோது பலர்பால். இத்தனைக்கும் ஈடுகொடுக்கக்கூடிய ஒரே சொல் ‘யார்’தான். ஆனால் அது வினா. அதைக் கொண்டுபோய்ப் பெயராக ஒட்டவைக்க மட்டும் என்னிடம் கேட்காதே.

நான்: பெரியப்பா கணக்கை முடித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். 2020 மார்ச்சில் வந்த கதைப்படி அவர் காலிஃப்ரேயில் பிறந்தவரே இல்லை. எங்கோ ஒரு நுழைவாயிலின் கீழே தனியாகக் கிடந்த குழந்தையை டெக்டியூன் என்ற பெண் எடுத்து வளர்த்தாள். பழைய நினைவுகள் எல்லாம் பின்னர் அழிக்கப்பட்டன. அப்படியானால் ரிவர் காதில் சொன்னதும், கிளாரா புத்தகத்தில் படித்ததும், கல்லறையைத் திறந்ததும் அவருக்கு வைக்கப்பட்ட முதல் பெயர்தானா என்பதே கேள்விக்குரியது. அதற்கு முன்னால் வேறு யாரோ, வேறு ஏதோ பெயர் சொல்லி அவரைக் கூப்பிட்டிருக்கலாம். அது அவருக்கே நினைவில் இல்லை.

அக்கா: இதைக் கேட்ட பிறகு என் கட்சியில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மீதிப் பாதியை வோட்டன் கணினிக்காக வைத்துக்கொள்கிறேன்.

தம்பி: எல்லோருக்கும் நன்றி. நான் 1978க்குப் போய் ரொமானா கதையிலிருந்து தொடங்கப்போகிறேன்.

லண்டன் அத்தை: நல்ல இடம், கண்ணா. அவள் தன் முழுப் பெயரைச் சொன்னதும் டாக்டர் துக்கம் விசாரிப்பது போல வருத்தம் தெரிவித்துவிட்டு, ரொமானா அல்லது ஃப்ரெட், இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள் என்பார். அவள் ஃப்ரெட் என்றே கூப்பிடுங்கள் என்பாள். அவரும் சரி என்று தலையாட்டிவிட்டு, ‘வா, ரொமானா’ என்று நடப்பார்.